அஞ்சு மணி பரோட்டா

கல்லில் எட்டு பரோட்டா கருகிக்கொண்டிருந்தது. மாஸ்டரைக் காணோம்.

கேரள எல்லையோரக் கொழிஞ்சாம்பாறையில், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் செங்கோட்டையன் பரோட்டா ஸ்டாலில் இருபத்தாறு வருஷமாக இப்படியொரு காரியம் நடந்ததில்லை. மாஸ்டரின் மனைவி கற்பகத்துக்கு ஒரே தம்பி பூபதிராஜா. இலை போடுவதும் தண்ணீர் வைப்பதும்தான் கடையில் அவன் வேலை. திடீரென்று தோசைக்கரண்டி கைக்கு வந்து சேர்ந்துவிட்டதால், எதை முதலில் திருப்புவது என்று தெரியாமல் எட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"மாஸ்டர் எங்கப்பா?" என்றார் பெஞ்சில் இருந்த ஒருவர்.

"பின்னால போயிருக்காருங்க."

"இப்பத்தான போயிட்டு வந்தாரு?"

"அது போன தடவைங்க. இது வேற."

மாஸ்டர் செங்கோட்டையன் வேட்டியை ஒரு கையால் பிடித்தபடி வந்து சேர்ந்தார். முகம் வெளுத்திருந்தது. வேட்டியைப் பிடிப்பதற்குக் காரணம் இருந்தது. இரண்டு மாதத்தில் ஒன்பது கிலோ இறங்கிவிட்டார். இடுப்புப் பெல்ட்டில் ஆணியால் புதிதாக மூன்று ஓட்டை போட்டும் வேட்டி நிற்கவில்லை. எதைத் தின்றாலும் வயிறு உப்பிக்கொண்டது, உப்பியது இறங்குவதற்குள் பின்பக்கம் ஓட வேண்டியிருந்தது. ஓடிவிட்டு வந்து உட்கார்ந்தால் மறுபடியும் உப்பியது.

இதில் அவருக்கு வயிற்றைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. அது ஐந்து மணிக் கவலை.

சில வருஷங்களுக்கு முன்னால், பரோட்டா தின்றால் அது வரும் இது வரும் என்று ஊர் முழுக்கக் கைபேசியில் ஒரு பீதி கிளம்பியது. பெஞ்சு காலியானது. செங்கோட்டையன் அன்றைக்கே ஒரு பலகை எழுதி வாசலில் மாட்டினார்: 'மாஸ்டர் தின்ற பிறகே மக்களுக்கு.' தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு முதல் பரோட்டாவை இலையில் போட்டு, வாசலில் வந்து நின்று, பஸ் ஸ்டாண்டே பார்க்க முழுசாகத் தின்பார். அதற்குப் பிறகுதான் வியாபாரம். பொள்ளாச்சி பஸ் டிரைவர்கள்கூட அதைப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்கள் என்று அவரே சொல்லிக்கொள்வார்.

பரோட்டா விஷயத்தில் அவருக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. வீசினால் பத்திரிகை படிக்கலாம், அடித்தால் இதழ் இதழாக விரியும் என்பார். மீனாட்சிபுரத்திலிருந்து மொபெட்டில் வந்து தினமும் பத்து பரோட்டா பார்சல் வாங்கிப் போகும் குப்பண்ணனை, வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டுவார். சால்னா கற்பகத்தின் கைவேலை. அது அவர் கணக்கில் தொட்டுக்கொள்ள இருக்கும் ஒரு ஈரம், அவ்வளவுதான். யாராவது தூக்குச்சட்டியோடு வந்து "சால்னா மட்டும் கொஞ்சம்" என்று கேட்டால் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

"பரோட்டா வாங்கறவங்களுக்குத்தான் சால்னா. தனியா விக்கறதுக்கு நான் என்ன சால்னாக்காரனா?" என்று விரட்டிவிடுவார்.

அப்பேர்ப்பட்ட மனிதர்தான் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கற்பகம் அதற்கு மேல் பொறுக்கவில்லை. மறுநாள் காலையில் பொள்ளாச்சி பஸ்ஸில் அவரை ஏற்றிவிட்டாள், தானும் ஏறிக்கொண்டாள்.

டாக்டரம்மா வயிற்றைத் தட்டிப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்தார்.

"கோதுமை ஒத்துக்காம இருக்கலாங்க. கோதுமையில குளூட்டன்னு ஒரு பசை இருக்குது. சில பேரு குடலுக்கு அது ஆகவே ஆகாது. பாலாவும் இருக்கலாம். வேற ஏதாச்சுங்கூட இருக்கலாம். ரத்தம் எடுத்துப் பார்த்தாத் தெரியும். ஆனா ஒண்ணு. டெஸ்ட் எடுக்கற வரைக்கும் எதையும் நிறுத்தாதீங்க. நிறுத்தினா டெஸ்ட்ல பிடிபடாது."

இத்தனை வார்த்தைகளில் செங்கோட்டையன் காதில் விழுந்தது இரண்டு. கோதுமை என்பது ஒன்று, ரத்தம் என்பது இன்னொன்று. ஊசி என்றால் அவருக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது.

"அடுத்த வாரம் வந்து குடுக்கறனுங்க" என்று எழுந்துவிட்டார்.

பஸ்ஸில் வரும்போதே முடிவு பண்ணிவிட்டார்.

"கோதுமைதான ஆவாது? விட்டாப் போச்சு. இதுக்கு எதுக்கு ஊசி?"

"டாக்டரம்மா நிறுத்த வேண்டாம்னாங்களே மாமா?"

"அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க. நிறுத்திக் கொணமாயிட்டா அவங்க கிட்டப் போவமா?"

ராத்திரிக்கு இரண்டு சப்பாத்தி தின்பது அவர் வழக்கம். சர்க்கரை வந்துவிடும் என்று யாரோ சொன்னதிலிருந்து அந்த வழக்கம். அன்றோடு சப்பாத்திக்கு முழுக்குப் போட்டார். காலையில் கோதுமை ரவை உப்புமாவும் போயிற்று. சரி, வயிற்றுக்கு வேறு என்ன போடுவது? கையிலேயே தொழில் இருக்கும்போது யோசிப்பானேன். காலையில் நேற்றைய பரோட்டாவைப் பிய்த்துப்போட்டுத் தாளித்தது, மதியம் சூடாக நாலு, ராத்திரி மூன்று.

நாலாம் நாள் அவர் பின்பக்கம் போய்விட்டுத் திரும்பி வருவதையே நிறுத்திவிட்டார். அங்கேயே ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டார்.

கற்பகம் சும்மா இருப்பாளா? வயிற்றுக்குப் பெருங்காயத்தைவிட எது உண்டு என்று மோரில் கலக்கிக் கொடுத்தாள். வலி அதிகமானது. பெருங்காயத்தையும் அதிகமாக்கினாள். இன்னும் வலித்தது. சோற்றில் பெருங்காயம், ரசத்தில் பெருங்காயம், வெந்நீரில் பெருங்காயம் என்று வீடே மணந்தது. பத்தாம் நாள், கற்பகம், பூபதிராஜா இரண்டு பேரின் தோளிலும் கையைப் போட்டுக்கொண்டு செங்கோட்டையன் மறுபடி பொள்ளாச்சிக்குப் போய்ச் சேர்ந்தார்.

"என்னங்க இது, பாதியாயிட்டீங்க?" டாக்டரம்மா பதறிவிட்டார்.

"கோதுமைய அடியோட விட்டுட்டனுங்க. ஆனாலும் கேக்க மாட்டேங்குது."

"அப்ப என்னதான் சாப்பிடறீங்க?"

"பரோட்டாதானுங்க. மூணு வேளையும்."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். பேனாவை மேஜை மேல் வைத்தார்.

"பரோட்டா எதுல பண்றீங்க?"

"மைதாவுலங்க."

"மைதா எதுல இருந்து வருது?"

இதுகூடத் தெரியாமல் என்ன படிப்பு படித்தாரோ என்று செங்கோட்டையனுக்குப் பாவமாக இருந்தது.

"கப்பக் கெழங்குல இருந்துங்க. காயவெச்சு அரைச்சா அதான் மைதா."

"ஆரு சொன்னா?"

"ஆரு சொல்லோணும்? எல்லாருக்கும் தெரிஞ்சதுதானுங்களே."

"மாஸ்டர், மைதா கோதுமைங்க. தவிட்டை நீக்கிட்டு அரைச்ச கோதுமை. அதுலதான் பரோட்டா மாவுக்கு அந்த இழுவையே வருது. அந்த இழுவைதான் குளூட்டன்."

செங்கோட்டையனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருபத்தாறு வருஷம். தினமும் ஒரு மூட்டை. பிசைந்து, உருட்டி, எண்ணெயில் ஊறப்போட்டு, வீசி, அடித்து... அவர் பெற்ற பிள்ளையைவிட அதிகமாகத் தொட்ட பண்டம். அது இன்னதென்றே தெரியாமல் குடித்தனம் நடத்தியிருக்கிறார்.

"மூட்டை மேல கதிர் படம் போட்டிருக்குமே, பார்த்ததில்லைங்களா?" என்றார் டாக்டரம்மா.

"பார்த்திருக்கறனுங்க. அது அழகுக்குப் போட்டதுன்னு இருந்துட்டனுங்க."

கற்பகம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. பஸ்ஸில் வலி வந்தால் கொடுக்கலாமென்று பையில் கொண்டுவந்திருந்த பெருங்காய டப்பாவை எடுத்து, "இதுனாலயாச்சு கேக்கும்னு பார்த்தனுங்க" என்று மேஜை மேல் வைத்தாள்.

டாக்டரம்மா டப்பாவைத் திருப்பி, பின்னால் பொடி எழுத்தில் இருந்ததை விரலை வைத்துப் படித்துக் காட்டினார். பிசின், கோதுமை மாவு, பெருங்காயம். அந்த வரிசையில்தான் இருந்தது.

"ஐயோ, நாந்தான் மாமா உங்களுக்கு வெசம் வெச்சிருக்கறேன்!" என்று கற்பகம் வாய்விட்டு அலறியதில் வெளியே டோக்கனோடு உட்கார்ந்திருந்த பத்துப் பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். உள்ளே கொலை ஒன்று விழுந்துவிட்டதாக அவர்கள் நினைத்ததில் தப்பில்லை.

அன்றைக்கே ரத்தம் எடுத்தார்கள். "மூணு வேளையும் கோதுமைய விடாமத் தின்னு, இத்தனை கச்சிதமா டெஸ்டுக்குத் தயாராயிட்டு வந்த ஆளை நான் பார்த்ததேயில்லைங்க" என்றார் டாக்டரம்மா. பாராட்டா என்னவென்று செங்கோட்டையனுக்குப் புரியவில்லை. முடிவு மோசமாக வந்தது. கோயம்புத்தூருக்கு அனுப்பி, வாய் வழியாகக் குழாய் விட்டு, குடலிலிருந்து துளி சதையைக் கிள்ளிப் பார்த்து, சந்தேகமே இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

"ஆயுசுக்கும் கோதுமை ஆகாதுங்க. மைதா, ரவை, சேமியா, பிஸ்கட் எதுவும் வேண்டாம். ஒரு வாய் தின்னாலும் குடல் மறுபடி புண்ணாயிரும். மாவு பிசையறப்ப மூக்கு வாயிக்குத் துணி கட்டிக்குங்க. தின்னாம இருந்தீங்கன்னா நூறு வயசு இருக்கலாம்" என்று பொள்ளாச்சியில் டாக்டரம்மா விளக்கினார்.

"பரோட்டா மட்டுமாச்சு... ஒண்ணே ஒண்ணு... சாயங்காலம் அஞ்சு மணிக்கு?"

"ஒரு துணுக்கு கூடாது."

திரும்பி வருகிற பஸ்ஸில் செங்கோட்டையன் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தார். தன் பரோட்டாவைத் தானே தின்ன முடியாதவன் கடையில் எவன் வந்து தின்பான்? விஷயம் வெளியே போனால் 'பரோட்டா தின்று மாஸ்டருக்கே குடல் போய்விட்டது' என்று ஊர் பேசும். இருபத்தாறு வருஷப் பெயர் ஒரே சாயங்காலத்தில் போய்விடும். பஸ் மீனாட்சிபுரத்தைத் தாண்டும்போது கற்பகத்திடமும் பூபதிராஜாவிடமும் சொன்னார்.

"இது நம்ம மூணு பேருக்கு மேல தெரியக் கூடாது. ஒருத்தரு கிட்டயும் மூச்சு விடாதீங்க."

உடம்பு என்னமோ தேற ஆரம்பித்தது. மூன்று வேளையும் சோறு, அதன் மேல் கற்பகத்தின் சால்னா. தேங்காயும் பொட்டுக்கடலையும் அரைத்து ஊற்றுகிற சால்னாவில் டாக்டரம்மாவுக்கு ஆட்சேபம் இல்லை. பத்தே நாளில் பெல்ட்டின் ஒரு ஓட்டை தேவையில்லாமல் போயிற்று. கடைதான் தேய ஆரம்பித்தது.

முதலில் முகத்தில் துணி. இத்தனை வருஷம் வெறும் முகத்தோடு பிசைந்தவர் கண் மட்டும் தெரிய மூடிக்கொண்டு மாவில் கையை வைத்ததும் பெஞ்சில் பேச்சு நின்றது.

"மாஸ்டரே மூக்கப் பொத்திக்கிட்டுப் பிசையறாரு. அப்படி என்ன மாவோ?" என்று ஒருவர் மெதுவாகக் கேட்டார். மெதுவாகக் கேட்டதுதான் எல்லார் காதிலும் விழுந்தது.

அடுத்தது ஐந்து மணி. வாயில் போட்டு மென்றுவிட்டு, நைசாகப் பின்னால் போய்த் துப்பிவிடுவது என்று ஏற்பாடு. முதல் நாள் நடந்தது. இரண்டாம் நாள் துப்பிவிட்டுத் தலையை நிமிர்த்தினால், பின்சந்தில் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்த பொள்ளாச்சி பஸ்ஸின் ஒரு பக்கத்து ஜன்னல் அத்தனையிலும் முகம். செங்கோட்டையன் அதிர்ச்சியில் இன்னொரு தடவை துப்பினார். ஒரு பெண்மணி கைபேசியை எடுத்தாள். சாயங்காலத்துக்குள் 'மாஸ்டர் துப்பிய பிறகே மக்களுக்கு' என்று பலகையின் வாசகம் ஊரெல்லாம் மாறிவிட்டது.

"வேற மாவுல தனியா ஒண்ணு பண்ணிக்கலாம் மாமா" என்றாள் கற்பகம். அரிசி மாவும் கப்பக் கிழங்கு மாவும் கலந்து, வேகவைத்த கிழங்கைப் பிசைந்து போட்டுப் பார்த்தார்கள். வீசினால் பாதி சுவரில் போய் ஒட்டியது. வீசாமல் தட்டினால் விண்டு போயிற்று. ஒருவழியாக வட்டமாக ஒன்று தேறியது. வெள்ளை வெளேரென்று இருந்தது.

"அதென்னங்க மாஸ்டர், உங்களுக்கு மட்டும் வெள்ளையா?" பஸ் ஸ்டாண்டில் நின்ற ஒருவர் கேட்டேவிட்டார்.

"வெளிச்சத்துல அப்படித் தெரியுதுங்க."

"எனக்கும் அந்த வெள்ளையிலயே ரெண்டு போடுங்க."

"அது... தீந்துபோச்சுங்க."

"மணி அஞ்சுதான ஆச்சு? ஒண்ணுதான சுட்டீங்க?"

மாஸ்டர் கல்லைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். தனக்கு நல்ல மாவு, நமக்கு நாசமான மாவு என்று பேச்சு வேறு கிளையாகப் படர்ந்தது. பெஞ்சில் நாலு பேர் உட்கார்ந்த இடத்தில் இரண்டு பேர் உட்கார்ந்தார்கள்.

"மச்சான், எதுக்கு வெசனப்படறீங்க? நான் தின்னு காட்டறேன்" என்று மார்தட்டினான் பூபதிராஜா. அவனுக்கு நல்ல மனசு. அதோடு நல்ல பசியும் இருந்தது.

மறுநாள் வாசலில் நின்று ஒன்று தின்றான். கூட்டம் கூடுவதைப் பார்த்ததும் உற்சாகம் வந்து இரண்டாவது தின்றான். யாரோ கைதட்டினார்கள். ஏழு வரைக்கும் போய்விட்டான். மதியம் ஒரு முழு வருக்கைப் பலாவைத் தனியாளாக முடித்திருந்ததை அவன் யாரிடமும் சொல்லவில்லை. எட்டாவது பரோட்டாவைப் பிய்க்கும்போது கை நின்றது. கண் உருண்டது. அடுத்த கணம், நாற்பது பேர் பார்க்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் பறந்தான்.

பஸ் ஸ்டாண்டில் அப்படியொரு நிசப்தம் பந்த் நாளில்கூட இருந்ததில்லை.

"மச்சினனப் பலி குடுத்துட்டாரப்பா" என்றது ஒரு குரல்.

மூன்றாம் நாள் ஹெல்த் இன்ஸ்பெக்டர் கோபிநாத் வந்தார். தெரிந்த மனிதர்தான், வாரத்தில் நாலு நாள் இங்கேதான் ராத்திரிச் சாப்பாடு. ஆனால் அன்றைக்குக் கையில் ஃபைல் இருந்தது.

"மாஸ்டரே, ஒரு பராதி கிட்டியிருக்கு" என்றார்.

புகார் என்றாலே செங்கோட்டையனுக்குப் பயம். அதையே பராதி என்று மலையாளத்தில் கேட்டதும் பயம் இரண்டு மடங்கானது.

கோபிநாத் மாவைப் பார்த்தார், எண்ணெயைப் பார்த்தார், தண்ணீர்த் தொட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். கல்லைக்கூட முகர்ந்தார்.

"இங்க ஒரு கொழப்பமும் இல்ல, மாஸ்டரே. எல்லாம் நல்ல சுத்தம். பின்ன ஆளுக எதுக்கு இப்படிப் பேசறாங்க? ஒரு காரியம் பண்ணுங்க. எல்லாரும் இங்கதான் இருக்காங்க. எல்லாரும் பாக்க ஒரு பரோட்டாவைத் தின்னு காட்டிருங்க. இந்தப் பராதிய நான் இப்பவே குளோஸ் பண்ணிட்டுப் போறேன்."

மணி சரியாக ஐந்து. எதிரே கடல் போல் ஆட்கள். டீக்கடை, பழக்கடை, பஸ்ஸுக்கு நின்றவர்கள், பஸ்ஸை விட்டே இறங்கியவர்கள் என எல்லோரும் வந்திருந்தார்கள். பாதிப் பேர் கைபேசியை உயர்த்திப் பிடித்திருந்தார்கள். குப்பண்ணன்கூட மொபெட்டை நிறுத்திவிட்டு முன்வரிசையில் நின்றார்.

செங்கோட்டையன் ஒரு பரோட்டா போட்டார். வாழ்நாளில் அவ்வளவு நன்றாகப் போட்டதில்லை. இழுத்தால் இழுத்த இடத்துக்கு வந்தது, அடித்ததும் பூப்பூவாக மலர்ந்தது. இலையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். முகத்துத் துணியை அவிழ்த்தார்.

தின்றால் கடை பிழைக்கும். ஒன்றே ஒன்றுதானே? இரண்டு வாரம் படுக்கையில் கிடந்தால் போகிறது. ஆனால் நாளைக்கும் ஐந்து மணி வருமே? நாளை மறுநாளும் வருமே? ஒரு துண்டைப் பிய்த்தார். வாய் வரைக்கும் கொண்டுபோனார். அந்த மணம் மூக்கில் ஏறியது. வாரக்கணக்கில் தொண்டைக்குள் இறங்காத ருசி. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

வீட்டிலிருந்து சால்னா குண்டாவைத் தூக்கிக்கொண்டு அப்போதுதான் வந்த கற்பகம் அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டாள்.

"மாமா!" என்று கத்தினாள். "கடை போனாப் போவுது. எனக்கு நீங்க வேணும்!"

நாற்பது கைபேசியும் அவள் பக்கம் திரும்பியது. இருபத்தெட்டு வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவள் இப்படி நடுரோட்டில் எதுவும் சொன்னதில்லை. செங்கோட்டையன் விக்கித்துப்போனார். கையிலிருந்த துண்டை இலையிலேயே வைத்தார்.

"என்னால தின்ன முடியாதுங்க" என்றார்.

கூட்டத்தில் ஒரு சலசலப்பு ஓடியது.

"மாவுல ஒண்ணும் இல்லீங்க. மாவு நல்ல மாவு. கோளாறு எங்கொடல்லதானுங்க. எனக்குக் கோதுமை ஆவாது. மைதான்னா கோதுமைங்கறதே எனக்குப் போன மாசம்தானுங்க தெரியும். தின்னா எனக்குக் கொடல் புண்ணாயிருமாம். உங்க கிட்டச் சொன்னா வர மாட்டீங்கன்னு பயந்து மறைச்சேன். துப்பினது நெசம். வெள்ளைப் பரோட்டா சுட்டதும் நெசம். ஆனா, நான் ஒருநாளும் உங்களுக்குக் கெட்ட பண்டம் போட்டதில்லீங்க, என்ற கொழந்தைக மேல சத்தியமா."

பலகையை ஆணியிலிருந்து கழற்றினார். அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றார்.

"தின்னாதவன் விக்கக் கூடாதுன்னு நாந்தான் எழுதி வெச்சேன். அப்பறம் நானே எப்படிங்க விக்கறது? இன்னையோட கடைய மூடிக்கறனுங்க."

கோபிநாத் ஃபைலை மூடித் திறந்து மறுபடி மூடினார். அதிர்ந்துதான் போயிருந்தார்கள், அத்தனை பேரும். ஆனால் யாரும் செங்கோட்டையன் முகத்தைப் பார்க்கவில்லை. இலையிலிருந்த பரோட்டாவையும் பார்க்கவில்லை. கற்பகத்தின் கையிலிருந்த குண்டாவையே பார்த்தபடி, ஒருவரை ஒருவர் முழங்கையால் இடித்துக்கொண்டு, 'நீ சொல்லு, நீ சொல்லு' என்று நின்றார்கள்.

கடைசியில் குப்பண்ணன்தான் தலையைச் சொறிந்துகொண்டு முன்னால் வந்தார்.

"குப்பண்ணா," என்று செங்கோட்டையன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "பதினோரு வருசமா ஒரு நாள் தவறாம என்ற பரோட்டாவத் தேடி வந்தீங்க. நீங்க என்னைய மன்னிச்சாப் போதுங்க."

குப்பண்ணன் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார்.

"மூடறதுன்னா பரோட்டாவ மூடிக்குங்க மாஸ்டர், அம்முணி சால்னா வெக்கறத மட்டும் நிறுத்திராதீங்க. சால்னாவத் தனியாத் தர மாட்டேன்னுட்டீங்க, அந்தப் பரோட்டாவப் பதினோரு வருசமா எங்க ஊட்டுக் கோழிதானுங்க தின்னுட்டிருக்குது!"